விபிஎன் போட்டும் ஜர்னல் திறக்கவில்லையா? 'ஃபுல் டனல்' பாருங்கள்

பல்கலைக்கழக விபிஎன்-இல் (வெளியிலிருந்து வளாக வலையமைப்புக்குள் நுழையும் இணைப்பு) இணைந்த பிறகும் ஜேஸ்டோர், சயின்ஸ்டைரக்ட் போன்ற ஆய்விதழ்த் தளங்கள் கட்டுரைக்குக் காசு கேட்டால், இணைப்பைத் துண்டித்துவிட்டு, 'ஸ்ப்ளிட் டனல்' என்பதற்குப் பதில் 'ஃபுல் டனல்' தேர்ந்தெடுத்து மறுபடி இணையுங்கள். சிஸ்கோ எனிகனெக்ட் (இப்போது 'சிஸ்கோ செக்யூர் கிளையன்ட்') என்ற விபிஎன் செயலியில் பயனர்பெயர் கேட்கும் கட்டத்துக்கு மேலேயே 'குரூப்' என்று ஒரு பட்டியல் இருக்கும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை, பாவம், நூலகம் ஏற்கெனவே சந்தா கட்டியிருக்கும் கட்டுரைக்குக் கைக்காசைச் செலவழிக்கிறார்கள்.

பதிப்பகத் தளங்கள் சந்தாவைச் சரிபார்ப்பது பெரும்பாலும் ஐபி முகவரியை (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) வைத்துத்தான். ஸ்ப்ளிட் டனலில் பொதுவாகப் பல்கலைக்கழகத்தின் சொந்த சர்வர்களுக்கான போக்குவரத்து மட்டுமே விபிஎன் வழியாகப் போகும். ஜேஸ்டோர் வெளித்தளம் என்பதால் அதற்கு உங்கள் வீட்டு ஐபிதான் தெரியும். ஃபுல் டனலில் எல்லாமே வளாகம் வழியாகச் சுற்றிப் போவதால், நீங்கள் நூலகத்துக்குள் உட்கார்ந்திருப்பது போலவே அந்தத் தளம் நினைத்துக்கொள்ளும். மாற்றிய பிறகும் திறக்காவிட்டால், பழைய குக்கி (அந்தத் தளம் உங்கள் பிரவுசரில் சேமித்துவைத்த குறிப்பு) மிச்சமிருக்கலாம். பிரைவேட் விண்டோவில் திறந்து பாருங்கள்.

எல்லாப் பல்கலைக்கழகங்களும் இந்தத் தேர்வைத் தருவதில்லை. இல்லையென்றால் நூலக இணையதளத்தில் இருக்கும் பிராக்ஸி இணைப்பு (நூலக சர்வர் வழியாகத் தளத்தைத் திறக்கும் லிங்க்) வழியாகப் போங்கள். நூலகம் சந்தா கட்டாத இதழுக்கு எந்த டனலும் உதவாது. காசு கொடுத்து வாங்கும் வணிக விபிஎன்களும் இதற்குப் பயன்படாது, அவற்றின் ஐபி பல்கலைக்கழகத்துடையது அல்லவே. அப்புறம், பிடிஎஃப் இறங்கியதும் துண்டித்துவிடுங்கள். இல்லாவிட்டால் வீடியோ அழைப்புகூட அந்தச் சுற்றுவழியில் போய்த் திணறும்.