பாலக்காட்டில் தோல் டாக்டரைப் பார்க்கப் போனால்: என் அனுபவம்

கிளினிக் பலகையில் பட்டத்தைப் பாருங்கள். எம்.டி.(டி.வி.எல்.), டி.டி.வி.எல். என்று இருந்தால் தோல் நிபுணர். அழகுக்கலை கிளினிக் பலகை பெரிதாக இருக்கும், அதை நம்ப வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் 'தோல்' என்று தேடினால் கிடைக்காது; 'த்வக்' அல்லது 'சர்மம்' என்ற சொல்லைத் தேடணும்.

மலையாளம் பாதி புரிவதுதான் ஆபத்து. 'ராவிலெ' என்றால் காலையில். நான் இரவு என்று நினைத்து இரண்டு நாள் மாத்திரையை மாற்றிப் போட்டேன். இரவு 'ராத்ரி', மதியம் 'உச்சய்க்கு'. 'மருந்து கழிக்கணும்' என்றால் சாப்பிடணும், ஒதுக்கச் சொல்லவில்லை! 'புரட்டணும்' என்பது தடவுவது. சீட்டில் ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே 1-0-1 மாதிரி எண்ணில் எழுதி வாங்கிவிட்டால் மொழியே வேண்டாம்.

அரிப்பு 'சொறிச்சில்', எரிச்சல் 'புகச்சில்', படர்தாமரை 'வட்டச்சொறி'. எத்தனை நாளாக என்பதை விரலில் காட்டினாலே போதும்.

முன்பு தடவிய களிம்புகளின் காலி டியூபை எல்லாம் கையோடு கொண்டுபோங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த களிம்பு படர்தாமரையில் அரிப்பை அடக்கும், ஆனால் பூஞ்சை மேலும் பரவும். வட்டத்தின் விளிம்பும் மங்கிவிடுவதால் டாக்டருக்கே அடையாளம் தெரியாமல் போகும். அப்போது தோலைச் சுரண்டி, பூஞ்சை இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்க்கும் கே.ஓ.எச். சோதனை செய்வார்கள். அன்று காலை எதையும் தடவாமல் போகணும்.

களிம்பு அளவு: பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் சுமார் 0.5 கிராம், விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குச் சரி.