அயல்நாட்டுக் கிராமத்தில் தன்னார்வலராக வாழ்வது எப்படி?

சென்று சேர்ந்த முதல் சில வாரங்களில் எந்தத் திட்டத்தையும் தொடங்காமல், ஊர் எப்போது விழிக்கிறது, யார் எங்கே தண்ணீர் எடுக்கிறார்கள், யாரைக் கேட்டு முடிவெடுக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். 1961-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான அமைதிப் படையும் (Peace Corps), வழக்கமான 27 மாதச் சேவையில் ஏறத்தாழ முதல் மூன்று மாதங்களை மொழி உள்ளிட்ட பயிற்சிக்கே ஒதுக்குகிறது.

தண்ணீரில் மட்டும் சிறிதும் அலட்சியம் வேண்டாம். கலங்கலாக இருந்தால் துணியில் வடிகட்டி, தளதளவெனக் கொதி வந்தபின் ஒரு நிமிடமும், 2000 மீட்டருக்கு மேற்பட்ட மலையூர்களில் மூன்று நிமிடங்களும் கொதிக்கவிடுங்கள். உயரம் கூடக் கூடக் கொதிநிலை குறைவதால்தான் இந்தக் கூடுதல் நேரம். வயிற்றுப்போக்கு கண்டால், ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாகப் பருகுங்கள். உப்பு கூடினால் தீங்கு. மலேரியா உள்ள பகுதியானால், அதைப் பரப்பும் அனோபிலிஸ் கொசு பெரும்பாலும் அந்தி முதல் விடியல் வரை கடிப்பதால், கொசுவலையின் விளிம்பை மெத்தைக்கடியில் செருகிவிட்டே படுக்க வேண்டும்.

ஒரு குடும்பத்துடன் தங்கினால் நீர் சுமப்பது, காய் நறுக்குவது போன்ற வேலைகளில் கைகொடுங்கள். மொழி, வகுப்பறையைவிட அடுப்பங்கரையில்தான் விரைவாக நாவில் படிகிறது என்பது என் உறுதியான எண்ணம். அன்று கேட்ட புதுச்சொற்களை இரவில் எழுதிவைத்து, மறுநாள் பேச்சில் பயன்படுத்துங்கள். குழந்தைகளைப் பெற்றோரின் அனுமதியின்றிப் படம் எடுக்காதீர்கள்.

கைப்பம்பு போன்ற ஒன்றை நிறுவினால், அதைப் பழுதுபார்க்க ஊரிலேயே இருவருக்காவது கற்றுக்கொடுத்து, உதிரிப் பாகங்கள் கிடைக்கும் இடத்தை அவர்களுடைய மொழியில் எழுதிக் கொடுத்த பின்னரே புறப்படுங்கள்.