கையெழுத்து ஃபான்ட்: போடும் முறையும் போடக்கூடாத இடமும்

கையால் எழுதியது போன்ற தமிழ் ஃபான்ட் வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது கவிவாணர். தாரிக் அஸீஸ் வடிவமைத்தது. லேசாகச் சாய்ந்திருக்கும், ஆனால் கிறுக்கலாக இருக்காது. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். திறந்த உரிமம் என்பதால் விற்கும் பொருளில்கூடப் போடலாம்.

இறக்குங்கள், ஜிப்பைப் பிரியுங்கள், உள்ளே இருக்கும் டிடிஎஃப் (ஃபான்ட்) கோப்பை நிறுவுங்கள். வேர்டு திறந்திருந்தால் ஒருமுறை மூடித் திறந்துவிடுங்கள்.

இனிதான் சிக்கல். ஸ்டைலில் ஃபான்ட் பெயரை மாற்றியிருப்பீர்கள். ஆங்கிலம் மாறும், தமிழ் அசையாது. வேர்டு தமிழை 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' கணக்கில் வைத்திருக்கிறது, அதற்குத் தனி ஃபான்ட், தனி அளவு. கன்ட்ரோல்+டி அழுத்தி, அந்தப் பகுதியிலும் கவிவாணரைத் தேர்ந்தெடுங்கள். அளவையும் அங்கேயே மாற்ற வேண்டும். லிப்ரேஆபிஸிலும் இதே கதைதான்.

அப்புறம் ஒரு சோதனை வரி: ஜ ஷ ஸ ஹ க்ஷ ஸ்ரீ கொ ணை ழூ. வேறு எந்தக் கையெழுத்து ஃபான்ட்டை எடுத்தாலும் இதை அடித்துப் பாருங்கள். ஏதாவது ஓர் எழுத்து மட்டும் நேராக, விறைப்பாக நின்றால், அது அந்த ஃபான்ட்டில் இல்லை; கணினி வேறொன்றிலிருந்து கடன் வாங்கியிருக்கிறது.

போல்டு பொத்தானைத் தொடாதீர்கள். கவிவாணரில் ஒரே தடிமன்தான். மென்பொருள் தானாகத் தடிமனாக்கினால் சுழிகள் அடைத்துக்கொள்ளும். அழுத்தம் வேண்டுமா, அளவைக் கூட்டுங்கள் அல்லது நிறத்தை மாற்றுங்கள்.

சரி, எங்கே போடுவது? அழைப்பிதழ்த் தலைப்பு, வாழ்த்து அட்டை, படக்கதையில் பேச்சுக் குமிழி, டப்பா மேல் ஒட்டும் பெயர்ச்சீட்டு. மூன்று வரிக்கு மேல் போனால் கண் வலிக்கும். உள்ளே வரும் பத்திகளுக்கு நான் முக்தா மலர் என்ற ஃபான்ட்தான் போடுவேன். விண்ணப்பம், எச்சரிக்கைப் பலகை, கணக்கு அட்டவணை பக்கமே போக வேண்டாம். 1994-இல் வின்சென்ட் கான்னாரே உருவாக்கிய காமிக் சான்ஸ் என்ற ஆங்கிலக் கையெழுத்து பாணி ஃபான்ட், கார்ட்டூன் நாயின் பேச்சுக் குமிழிக்காகப் பிறந்தது. அதை அலுவலகச் சுற்றறிக்கை வரை இழுத்துவந்த பிறகுதான் ஊரே கேலி செய்தது.

பிற்சேர்க்கை: கோப்பை அனுப்பினால் அடுத்தவர் கணினியில் எழுத்து மாறிவிடுகிறது என்று பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். அச்சகத்துக்கு என்றால் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து எழுத்தைக் கோடுகளாக்கிவிடுவேன். அதற்குப் பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது, அதனால் முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.