காற்றில் ஸ்ட்ரீமர் மின்னிறக்கத்தைக் கணினியில் உருவகப்படுத்துவது எப்படி?

வளிமண்டல அழுத்தத்தில் காற்று முறிவடைய, சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 30 கிலோவோல்ட் மின்புலம் வேண்டும். ஆனால் ஸ்ட்ரீமர் எனும் மெல்லிய அயனியாக்க இழை ஒன்று தோன்றிவிட்டால், அதன் முனையில் திரளும் மின்னூட்டமே அங்குள்ள புலத்தை மிகுத்துவிடுவதால், இதைவிட மிகக் குறைந்த சராசரிப் புலத்திலும் அது முன்னேறிச் செல்லும். உருவகப்படுத்தலில் எழும் இடர்கள் பெரும்பாலும் அந்தச் சிறிய முனையில்தான் இருக்கின்றன.

தொடக்கத்திற்கு, எலக்ட்ரான்களைத் தனித்தனித் துகள்களாகக் கொள்ளாமல் அடர்த்தியாகக் கொள்ளும் பாய்ம மாதிரியே ஏற்றது. எலக்ட்ரான் அடர்த்திக்கு இழுப்பு (புலத்தால் நகர்தல்), விரவல் (அடர்த்தி குறைந்த பக்கம் பரவுதல்), அயனியாக்கம், ஆக்சிஜனோடு ஒட்டுதல் ஆகியவை அடங்கிய தொடர்ச்சிச் சமன்பாட்டையும், மின்னூட்டப் பரவலிலிருந்து மின்னழுத்தத்தைத் தரும் பாய்சான் சமன்பாட்டையும் எழுதிக்கொள்ள வேண்டும்; சில நானோநொடிகளில் முடியும் நிகழ்வாதலால் அயனிகளை அசையாதவையாகக் கொள்ளலாம். இயக்க எண் (புலத்தில் எலக்ட்ரான்கள் எவ்வளவு எளிதாக நகரும் என்பதன் அளவு), அயனியாக்கக் குணகம் போன்றவற்றை, எல்எக்ஸ்கேட் (LXCat) இணையத் தரவுத்தளத்திலுள்ள மோதல் குறுக்குப்பரப்புகளை (மோதல் நிகழும் வாய்ப்பின் அளவுகளை) கொண்டு போல்சிக் ப்ளஸ் (BOLSIG+) நிரலால் கணித்துக்கொள்ளலாம். ஒரு வாயுவுக்கு ஒரே தொகுப்பின் குறுக்குப்பரப்புகளை முழுமையாக எடுக்க வேண்டும். பல தொகுப்புகளிலிருந்து பொறுக்கிக் கலந்தால் குணகங்கள் நம்பத்தக்கவையாக இரா.

நேர்மின் ஸ்ட்ரீமர், எலக்ட்ரான்கள் நகரும் திசைக்கு எதிராக வளர்கிறது. ஆகவே அதன் முன்னே ஏற்கெனவே எலக்ட்ரான்கள் இருந்தாக வேண்டும். காற்றில் அவற்றைப் பெரும்பாலும் தருவது ஒளி அயனியாக்கம்: கிளர்வுற்ற நைட்ரஜன் வெளியிடும் 98 முதல் 102.5 நானோமீட்டர் வரையிலான கதிர்கள் சற்றுத் தொலைவிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகளை அயனியாக்குகின்றன. இதற்கான ஷெலெஸ்னியாக் மாதிரியை நேரடியாகத் தொகையிடுவது கணினிக்குப் பெருஞ்சுமை என்பதால், 2007 முதல் பலரும் அதை இரண்டு அல்லது மூன்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் சமன்பாடுகளாக மாற்றித் தீர்க்கின்றனர். புதியவர்கள் முதலில் கனமீட்டருக்கு 10¹³ எலக்ட்ரான்கள் என்ற சீரான பின்னணி அடர்த்தியை வைத்து நிரலைச் சரிபார்த்த பிறகு இதைச் சேர்ப்பது நல்லது.

முனையின் மின்னூட்டப் படலம் மிக மெல்லியது. அங்கே கணிப்பு வலையின் கண் சில மைக்ரோமீட்டருக்குள் இருக்க வேண்டும். முழு இடைவெளிக்கும் அத்தகைய வலையை விரிப்பது வீண் செலவு என்பதால், முனையைப் பின்தொடர்ந்து தானே நுணுகும் தகவமை வலையே நடைமுறைக்கு உகந்தது. கால அடியிலும், அதாவது ஒவ்வொரு கணிப்புப் படியின் கால இடைவெளியிலும், கவனம் தேவை: எலக்ட்ரான் அடர்த்தி கனமீட்டருக்கு 10²⁰ ஆகும்போது மின்காப்புத் தளர்வு நேரம் (மின்னூட்டம் நகர்ந்து புலத்தைத் தணிக்க எடுக்கும் நேரம்) பத்துப் பைக்கோநொடி அளவுக்குச் சுருங்குகிறது. அடுத்த கணத்தின் நிலையை இப்போதைய மதிப்புகளிலிருந்தே நேரடியாகக் கணிக்கும் வெளிப்படை முறையைப் பயன்படுத்துவோர் கால அடியை அதற்கும் கீழே வைக்க வேண்டும். இல்லையெனில் புலம் செயற்கையாக அலைவுறும்.

எல்லாவற்றையும் தாமே எழுத வேண்டும் என்பதில்லை, ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வு நிறுவனத்தில் உருவான அஃபிவோ-ஸ்ட்ரீமர் திறந்த மூல நிரலாகக் கிடைக்கிறது. சொந்த நிரல் எழுதுவோர், ஆறு நிரல்களை ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஆய்வின் சோதனையை, அதாவது 1.25 சென்டிமீட்டர் இடைவெளியில் 18.75 கிலோவோல்ட் என்ற அமைப்பை, அப்படியே ஓட்டி முனையின் இடத்தையும் உச்சப் புலத்தையும் ஒப்பிட வேண்டும். பிறகு வலைக்கண்ணைப் பாதியாக்கி மீண்டும் ஓட்டும்போது ஸ்ட்ரீமரின் வேகம் குறிப்பிடத்தக்க அளவில் மாறினால், முதல் வலை போதவில்லை என்று பொருள். அச்சைச் சுற்றி எல்லாத் திசையிலும் நிலை ஒன்றே எனக் கொள்ளும் அச்சுச் சமச்சீர்க் கணிப்பில் முனை பிளவுபட்டால் அதைக் கிளைவிடுதல் என்று அறிக்கையில் எழுதிவிடக் கூடாது. அங்கே பிளவு என்பது அச்சைச் சுற்றிய ஒரு வளையமே, உண்மையான கிளைகளைக் காண முப்பரிமாணக் கணிப்பு வேண்டும்.