ஜிசிசியா, கிளாங்கா? கம்பைலரை எடுப்பதற்கு முன் லைசென்ஸைப் பாருங்கள்

சென்னையில் இன்ஜினியரிங் சேர்ந்த பலருக்கும் சி மொழி என்றாலே டர்போ சி-யின் அந்த நீலத் திரைதான். டாஸ் காலத்து மென்பொருள், இன்றைய லேப்டாப்பில் டாஸ்பாக்ஸ் போட்டுத்தான் ஓட்ட முடியும், அதில் இன்ட் (முழு எண் வகை) என்றால் 2 பைட், 32767-ஐத் தாண்டினால் மைனஸில் போய் நிற்கும். சரி, அதை விட்டுவிட்டு ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு சி கம்பைலர்களில் (நாம் எழுதும் குறியீட்டைக் கணினி ஓட்டும் புரோகிராமாக மாற்றித் தருபவை) எதற்கு மாறலாம் என்று கேட்கும் ஜூனியர்கள் எது வேகம், எது எர்ரரைப் புரியும்படி காட்டும் என்றுதான் விசாரிக்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறு: அந்தக் கம்பைலர் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது, நாளைக்கு அதை உங்களுக்கு இல்லை என்று சொல்ல யாராலாவது முடியுமா? வசதியெல்லாம் அதற்கு அப்புறம்.

படி 1: இரண்டையும் போட்டுக்கொள்ளுங்கள்

உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் என்றால் டெர்மினலில் ஆப்ட் மூலமாக பில்ட்-எசென்ஷியல் (ஜிசிசி இதற்குள் வரும்), கிளாங் என்ற இரண்டு பேக்கேஜ்களையும் இன்ஸ்டால் செய்யுங்கள். விண்டோஸ்காரர்கள், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல்-க்குள் இதையே செய்யலாம். மேக் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே ஜிசிசி என்று தட்டினாலும் ஓடுவது ஆப்பிளின் கிளாங்தான். வெர்ஷன் கேட்டுப் பாருங்கள், முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

படி 2: நான்கு கேள்விகள்

எந்த நோக்கத்துக்கும் ஓட்டலாமா? சோர்ஸை, அதாவது எழுதிய மூலக் குறியீட்டை, படித்து மாற்றலாமா? நண்பருக்குப் பிரதி கொடுக்கலாமா? மாற்றியதையும் கொடுக்கலாமா? நான்குக்கும் ஆம் என்றால் அது கட்டற்ற மென்பொருள். ஜிசிசி, கிளாங் இரண்டுமே இதில் தேறிவிடும். டர்போ சி தேறாது, பைசா கொடுக்காமல் டவுன்லோடு கிடைத்தாலும் தேறாது.

வித்தியாசம் அடுத்த கட்டத்தில் வருகிறது. ஜிசிசி, ஜிபிஎல் என்ற லைசென்ஸின் மூன்றாம் பதிப்பின் கீழ் வருவது. அதை மாற்றி மற்றவர்களுக்குக் கொடுத்தால் மாற்றிய சோர்ஸையும் அதே உரிமைகளோடு கொடுத்தாக வேண்டும். கிளாங்கும் அதற்கு அடியில் இருக்கும் எல்எல்விஎம் என்ற கம்பைலர் கட்டமைப்பும் அப்பாச்சி 2.0 லைசென்ஸில், ஒரு விதிவிலக்கோடு, வருகின்றன. அதை எடுத்து மாற்றிப் பூட்டி விற்பதற்கு அங்கே தடையில்லை.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் பயப்படும் விஷயம் ஒன்று உண்டு: ஜிசிசியில் கம்பைல் செய்தால் என் புரோகிராமும் ஜிபிஎல் ஆகிவிடுமா? ஆகாது. உங்கள் புரோகிராமோடு சேர்ந்துவிடும் ஜிசிசியின் சின்ன ரன்டைம் லைப்ரரிக்கென்றே தனி விலக்கு எழுதிவைத்திருக்கிறார்கள், வழக்கமான முறையில் கம்பைல் செய்யும் எவரும் தன் புரோகிராமுக்கு எந்த லைசென்ஸ் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

படி 3: இந்த வித்தியாசம் எதற்கு என்று புரிந்துகொள்ளுங்கள்

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜிசிசியை வெளியிட்டது 1987-இல். ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனம் அதன்மேல் அப்ஜெக்டிவ்-சி மொழிக்கான பகுதியை எழுதியது, ஆனால் சோர்ஸைக் கொடுக்காமல், கம்பைல் ஆன ஆப்ஜெக்ட் ஃபைலாக மட்டும் கொடுத்து, அதை ஜிசிசியோடு லிங்க் செய்வதைப் பயனர் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தது. லைசென்ஸ் இதை அனுமதிக்காது என்று ஸ்டால்மன் உறுதியாக நின்றார், நெக்ஸ்ட் சோர்ஸை வெளியிட வேண்டியதாயிற்று, இன்றைக்கும் ஜிசிசியில் அப்ஜெக்டிவ்-சி இருக்கிறது. கொள்கை ஒரு வசதியாக மாறிய இடம் இது, இதை யாராவது மேடைப் பேச்சு என்று தள்ளிவிட்டால் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கும்.

ஆனால் அந்த உறுதிக்கு விலையும் இருந்தது. யாராவது நடுவில் புகுந்து மூடிய பகுதியை ஒட்டிவிடுவார்கள் என்ற அச்சத்தில் ஜிசிசியின் உட்புறம் துண்டு துண்டாக எடுத்துப் பயன்படுத்த முடியாதபடியே பல வருடம் இருந்தது. பிளகின் வசதி 2010-இல் 4.5 பதிப்பில்தான் வந்தது. அதற்குள் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2000-இல் தொடங்கிய எல்எல்விஎம், எல்லாவற்றையும் தனித்தனி லைப்ரரியாகவே கட்டிக்கொண்டு போய்விட்டது. உங்கள் எடிட்டரில் டைப் செய்யும்போதே தப்பைக் காட்டுகிற கிளாங்டி அந்த வடிவமைப்பின் பலன். எல்எல்விஎம் நம் சமூகத்துக்குப் பெரிய பின்னடைவு என்று ஸ்டால்மன் 2014-இல் எழுதினார். அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன், ஆனால் இன்டெல், ஆர்ம் போன்றவை எல்எல்விஎம் மேல் கட்டித் தரும் தங்கள் வணிகக் கம்பைலர்களைப் பார்க்கும்போது அவர் எதைச் சொன்னார் என்பது விளங்குகிறது.

படி 4: ஒரு பிழையை வைத்து இரண்டையும் சோதியுங்கள்

மெயினுக்குள் ஐந்து மார்க்குகள் உள்ள ஒரு இன்ட் அர்ரே எழுதுங்கள், கூட்டும் லூப்பில் வேண்டுமென்றே "ஐந்தைவிடச் சிறியது" என்பதற்குப் பதிலாக "ஐந்து வரை" என்று போடுங்கள். சாதாரணமாகக் கம்பைல் செய்தால் சத்தமில்லாமல் ஓடும், ஒருமுறை சரியான விடைகூட வரலாம், இன்னொருமுறை குப்பை எண் வரும். இப்போது ஜிசிசிக்கு மூன்று ஃபிளாக் கொடுங்கள்: எச்சரிக்கைகளுக்கு ஹைஃபன் டபிள்யூ-ஆல், வரி எண்ணுக்கு ஹைஃபன் ஜி, அப்புறம், நினைவக எல்லையை மீறுவதைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரை இயக்க ஹைஃபன் எஃப்சானிடைஸ்=அட்ரஸ். ஓட்டியதும் புரோகிராம் நின்று, ஸ்டாக் பஃபர் ஓவர்ஃப்ளோ, 4 பைட் படிக்கப் போனாய், இந்த ஃபைலில் இந்த வரியில் என்று சிவப்பில் காட்டிக்கொடுத்துவிடும். கிளாங்கிலும் அதே ஃபிளாக்தான்.

இந்தச் சானிடைசர் முதலில் எல்எல்விஎம்-இல் வந்து, 2013-இல் 4.8 பதிப்போடு ஜிசிசிக்கும் வந்தது. லைசென்ஸ் இடம் கொடுத்ததால் அந்தக் குறியீட்டையே எடுத்துக்கொள்ள முடிந்தது. ஜிசிசியின் ஜிபிஎல் குறியீட்டை எல்எல்விஎம் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. எர்ரர் காட்டும் அழகில் ஒருகாலத்தில் கிளாங் ரொம்ப முன்னால் இருந்தது, போட்டியில் ஜிசிசியும் தேறிவிட்டது, இப்போது தப்பு இருக்கும் இடத்தை அம்புக்குறி போட்டே காட்டும். ஆக எர்ரர் செய்தியை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம்.

படி 5: லேபில் இருக்கும் போர்டுக்கு வாருங்கள்

கொள்கையும் வசதியும் நேருக்கு நேர் மோதுவது இங்கேதான். 8051 மைக்ரோகன்ட்ரோலர் லேபில் பலரும் பயன்படுத்தும் கெய்ல் சி51 என்ற வணிகக் கம்பைலர், சிமுலேட்டரோடு வசதியாக இருக்கும், ஆனால் இலவச மதிப்பீட்டுப் பதிப்பில் 2 கேபி குறியீடுதான் வரம்பு, புராஜெக்ட் கொஞ்சம் வளர்ந்தாலே முட்டும். எஸ்டிசிசி என்ற கட்டற்ற கம்பைலருக்கு அப்படிப் பூட்டு கிடையாது, ஆனால் கெய்லுக்கென்று எழுதிய புரோகிராமில் எஸ்பிட், எஸ்எஃப்ஆர் மாதிரியான (பின், ரெஜிஸ்டர்களுக்கான) அறிவிப்புகளைக் கையால் மாற்ற வேண்டியிருக்கும். என் யோசனை: பரீட்சைக்கு லேபில் உள்ளதைப் பழகுங்கள், சொந்த புராஜெக்ட்டை எஸ்டிசிசியில் செய்யுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய ஆர்டுயினோ ஊனோ ஆர்3 என்றால் கவலையே இல்லை, அதன் ஐடிஇ பின்னால் ஓட்டுவது ஜிசிசியின் ஏவிஆர் வடிவம்தான்.

நம்ம ஊர் ஐஐடியின் (ஐஐடி மெட்ராஸ்) சக்தி பிராசசரையும் பாருங்கள். ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பில் அமைந்தது என்பதால் அதற்கான சி புரோகிராமை ஜிசிசியில் கம்பைல் செய்யலாம். பிராசசரின் வடிவமைப்பு திறந்தே கிடக்கிறது, ஆனால் அதை எழுதிய புளூஸ்பெக் மொழியின் கம்பைலர் 2020 வரை மூடிய வணிகப் பொருளாக இருந்தது. படிக்கலாம், மாற்றலாம், ஆனால் மாற்றியதைக் கம்பைல் செய்ய இன்னொருவர் தரும் லைசென்ஸ் வேண்டும் என்ற நிலை. 2020-இல் கம்பைலரும் திறந்த பிறகுதான் ஒரு மாணவர் வீட்டில் உட்கார்ந்தே முழுவதையும் செய்ய வழி பிறந்தது.

படி 6: மேக்ஃபைலில் கம்பைலர் பெயரை எழுதிப் பூட்டாதீர்கள்

மேக்ஃபைல் என்பது கம்பைல் செய்யும் கட்டளைகளைத் தொகுத்து வைக்கும் ஃபைல். அதில் சிசி என்ற மாறியில் மட்டும் கம்பைலர் பெயரை வையுங்கள், மற்ற வரிகளில் அந்த மாறியையே பயன்படுத்துங்கள். இயல்பாக அதில் இருக்க வேண்டியது ஜிசிசி, ஏனென்றால் அதை எடுத்துப் பூட்ட யாராலும் முடியாது. வாரம் ஒருமுறை மேக் (make) கட்டளையோடு சிசி-க்குக் கிளாங் என்று கொடுத்து ஓட்டுங்கள், ஜிசிசி விட்ட எச்சரிக்கையை அது பிடிக்கும், அது விட்டதை ஜிசிசி பிடிக்கும். ஒன்றில் கம்பைலாகி மற்றதில் ஆகவில்லை என்றால், பெரும்பாலும் உங்கள் குறியீட்டில் சி தரநிலையில் இல்லாத ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது. அந்த வரியை முதலில் சரிசெய்யுங்கள்.