பெட்டி பாரம், மிசின் லேசு எண்டால் என்ன செய்யோணும்

பெரும்போக நெல்லு வெட்டு தொடங்கினால் வன்னியில பரந்தன் பக்கம், முத்தையன்கட்டுப் பக்கம் எங்க பாத்தாலும் உழவு மிசினுக்குப் (ட்ராக்டருக்கு) பின்னால நெல்லு மூட்டை ஏத்தின பெட்டியள்தான் (ட்ரெயிலர்). மிசினைவிடப் பெட்டி இரண்டு மடங்கு பாரமா இருக்கும், கேட்டால் "அதெல்லாம் இழுக்கும் அண்ணை" எண்டுதான் பெடியள் சொல்லுவினம். இழுக்கும்தான், உழவுக்கெண்டு செய்த மிசின் இழுக்காமல் விடுமோ, ஆனா இழுத்ததை நிப்பாட்டவும் வேணுமெல்லே, அங்கதான் உயிர் போறது.

முதல்ல பாரத்தைக் கணக்குப் பாருங்கோ. மஸி 240 மாதிரி மிசின் ஒண்டு ஏறத்தாழ 2 தொன். மூட்டை 65 கிலோ எண்டு வைச்சால் 50 மூட்டை 3250 கிலோ, வெறும் பெட்டியின்ர பாரம் அதுக்கு மேல. மணல் எண்டால் ஒரு கியூப் (100 கன அடி) காய்ஞ்சதே நாலரைத் தொன் கிட்ட வரும், ஈரத்தோட அள்ளினது இன்னும் கூட. பெட்டி நிறைஞ்சிட்டுதோ எண்டு பாத்து ஏத்தாதையுங்கோ, விறகு நிறைஞ்ச பெட்டியும் ஈரமணல் நிறைஞ்ச பெட்டியும் ஒண்டில்லை.

ஏத்தேக்க பாரம் பெட்டியின்ர சில்லு அச்சுக்கு நேரயும் அதுக்குக் கொஞ்சம் முன்னுக்கும் இருக்கோணும். பின்பக்கம் கூட ஏத்தினால் பெட்டியின்ர முன்கம்பி மிசின்ர பின்பக்கத்தை மேல தூக்கும், பின்சில்லு றோட்டை அமத்திப் பிடிக்காது, பிறகு நீங்கள் எவ்வளவு பிறேக்கை மிதிச்சாலும் சில்லு இழுபடும், வண்டி நிக்காது. முன்னுக்கு அளவுக்கு மிஞ்சி ஏத்தினாலும் கூடாது, முன்சில்லு லேசாகி ஸ்ரேறிங்கைத் திருப்பத் திருப்ப மிசின் நேர போகும். றோட்டில ஏற முதல் வளவுக்குள்ள மெதுவா ஒருக்கா வளைச்சுப் பாத்தால் இது உடன விளங்கிடும்.

கொழுவுற இடம் முக்கியம். கீழ இருக்கிற இழுவைக் கம்பியிலதான் கொழுவோணும், மிசின்ர பின் அச்சுக்கு மேல உயரமான இடத்தில கொழுவி இழுத்தால் மிசின் பின்னால குத்தி மறியும், அதுக்கு ஒண்டு இரண்டு செக்கன் போதும், குதிக்க நேரமிருக்காது. பெட்டியைக் கொழுவுற இரும்புப் பின்னைக் கழட்டிக் கையில எடுத்துப் பாருங்கோ, நடுப்பக்கம் தேஞ்சு இடுப்பு சிறுத்திருக்கும், அது போற ஓட்டை வட்டமா இல்லாமல் முட்டை மாதிரி நீண்டு போயிருக்கும். அப்பிடியெண்டால் மாத்துங்கோ. கட்டிடக் கம்பியை வெட்டிப் பின்னுக்குப் பதிலா போடுறதை தயவுசெய்து விடுங்கோ. பின்னுக்குக் கீழ கிளிப் வேணும், அதோட பெட்டிக்கும் மிசினுக்கும் இடையில ஒரு சங்கிலியும் போட்டுவிட்டால் பின் கழண்டாலும் பெட்டி தன்பாட்டில எதிர்ப்பக்கம் ஓடாது.

இனி பிறேக். எங்கட மிசினுகளில பெரும்பாலும் பின்சில்லு இரண்டுக்கும் மட்டும்தான் பிறேக், பெட்டியில கனக்க இடத்தில பிறேக்கே இல்லை, அப்ப முழுப்பாரத்தையும் அந்த இரண்டு சில்லுதான் பிடிக்கோணும். வயலுக்க திரும்புறதுக்காக இடப்பக்கப் பிறேக்கும் வலப்பக்கப் பிறேக்கும் தனித்தனியா இருக்கும். றோட்டில ஏற முதல் இரண்டு பெடலையும் சேர்க்கிற அந்தச் சின்னத் தட்டைக் கட்டாயம் போடுங்கோ. போடாமல் அவசரத்தில ஒரு பெடலை மட்டும் மிதிச்சால் மிசின் ஒருபக்கம் வெட்டித் திரும்பும், பின்னால வாற பெட்டி தள்ளும், இரண்டும் மடிஞ்சு குடைசாயும். கிரவல் றோட்டில இது இன்னும் சுகமா நடக்கும். வேகம் 20 இலிருந்து 40 ஆனால் பிறேக் பிடிச்சு நிக்கிற தூரம் இரண்டு மடங்கில்லை, நாலு மடங்கு. பாரத்தோட ஏ9 றோட்டில பஸ் பின்னால கோண் அடிக்குதெண்டு வேகத்தைக் கூட்டாதையுங்கோ, ஓரமெடுத்து அவனைப் போகவிடுங்கோ.

வன்னி சமதரைதானே எண்டு நினைக்கிறம், ஆனா குளக்கட்டு ஏறி இறங்குற இடமும் ஆத்துக்கு இறங்குற பாதையும் ஆபத்துக்குப் போதும். ஏற முதலே கீழ நிண்டு சின்னக் கியரைப் போடுங்கோ, நடுவில கியர் மாத்தவே கூடாது. முன்சில்லு கிளம்பினால் உடன கிளச்சை மிதிச்சு சில்லு கீழ வந்த பிறகு பிறேக்கைப் பிடியுங்கோ. சில்லு உருளாமல் கட்டை வைக்கிற ஆள் பெட்டிக்குப் பின்னால நேர நிக்கப்படாது, பக்கத்தில நிண்டு வைக்கோணும். இறங்கேக்கயும் அதே சின்னக் கியர்தான், கிளச்சை மிதிக்கவோ நியூற்றல் போடவோ வேண்டாம், எஞ்சின் பிடிக்கிற பிடியை நீங்களே விட்டுக் குடுத்தமாதிரிப் போயிடும்.

லாண்ட்மாஸ்டர் (ஹான்டில் பிடிச்சு ஓடுற இரண்டு சில்லு மிசின்) ஓடுற தம்பிமாருக்குத் தனியாச் சொல்லோணும். சமதரையில இடப்பக்கக் கைக்கிளச்சைப் பிடிச்சால் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில பாரம் பின்னால தள்ளேக்க அதே கிளச்சைப் பிடிச்சால் அந்தச் சில்லு தன்பாட்டில உருளும், மற்றச் சில்லை எஞ்சின் பிடிச்சிருக்கும், அதால வலப்பக்கம் திரும்பும், நீங்கள் நினைச்சதுக்கு நேர்மாறு. அதால இறங்கேக்க கைக்கிளச்சைத் தொடாதையுங்கோ, ஹான்டிலைக் கையால வளைச்சு, பெட்டியின்ர கால்பிறேக்கை மெதுமெதுவா அமத்திக்கொண்டு இறங்குங்கோ. பழகின ஆள் ஒராளைப் பக்கத்தில வைச்சு வெறும் பெட்டியோட முதல்ல பழகுங்கோ.

மூட்டைக்கு மேலயும் மட்காட்டிலயும் ஆக்களை ஏத்தவேண்டாம், பிள்ளையள் எண்டால் அழுதாலும் ஏத்தவேண்டாம்.

இரவில போறதெண்டால் பெட்டியின்ர பின்மூலை இரண்டிலயும் சிவப்பு லைற்றும் றிவ்ளெக்டரும் வேணும், ஒரு மூலையில மட்டும் இருந்தால் பின்னால வாறவன் மோட்டச்சைக்கிள் எண்டு நினைச்சுக் கிட்ட வந்திடுவான். வைக்கோல் ஏத்தினால் அது தொங்கி லைற்றை மூடிப்போடும், கட்டின பிறகு பின்னுக்குப் போய் நிண்டு பாருங்கோ.

வெளிக்கிட்டு ஒரு கிலோமீற்றர் போனதும் நிப்பாட்டி இறங்குங்கோ. கயிறு தளர்ந்திருக்கும், இறுக்கிக் கட்டுங்கோ. சில்லு நட்டுகளைச் சாவி போட்டுப் பாருங்கோ. பிறகு பெட்டிச் சில்லின்ர நடுவில புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கோ, ஒருபக்கம் மட்டும் சுட்டால் பெயறிங் போகுது, அந்தப் பாரத்தோட அங்கால போகாமல் பாதியை இறக்கி வைச்சிட்டுத் திரும்புங்கோ.