உயிர்ப்பான கடத்தலை இனங்காண்பது எப்படி?

உயர்தர உயிரியல் வினாக்களில் ஒரு பதார்த்தம் கல மென்சவ்வைக் கடக்கும் விதம் விவரிக்கப்பட்டு, அது உயிர்ப்பான கடத்தலா (கலம் சக்தியைச் செலவிட்டு, செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குக் கடத்துவதா) என்று கேட்கப்படும்போது, காவிப் புரதம் (பதார்த்தத்தை மென்சவ்வினூடாகக் கடத்திவிடும் புரதம்) என்ற சொல்லைக் கண்டவுடன் ஆம் என்று எழுதிவிடக் கூடாது. சக்திச் செலவின்றிச் செறிவின் வழியே நடக்கும் எளிதாக்கப்பட்ட பரவலுக்கும் காவிப் புரதம் பயன்படுகிறது. செறிவு கூடக்கூட வேகம் ஓர் எல்லையில் நின்றுவிடுவதும் இரண்டுக்கும் பொதுவானதே. தேட வேண்டியது சக்தியின் மூலத்தை.

முதலில் இருபுறச் செறிவுகளையும் ஒப்பிடுக. அயனாயின் மின்னேற்றத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். விலங்குக் கலமொன்றின் உள்ளே பொற்றாசியம் லீற்றருக்கு ஏறத்தாழ 140 மில்லிமூலும், வெளியே 4 முதல் 5 மில்லிமூலும் இருக்கும். சோடியம் இதற்கு நேர்மாறு. இந்த வேறுபாட்டைக் காப்பது சோடியம் பொற்றாசியம் பம்பி. உட்புறத்தில் 3 சோடியம் அயன்கள் புரதத்துடன் இணைந்ததும், கலத்துக்குச் சக்தி வழங்கும் ஏ.ரி.பி. மூலக்கூறொன்று உடைந்து அதன் பொசுபேற்றுப் புரதத்தில் ஒட்டிக்கொள்ள, புரதம் வடிவம் மாறி வெளிப்புறமாகத் திறந்து சோடியத்தை விடுவிக்கிறது. அப்போது வெளியிலிருந்து 2 பொற்றாசியம் அயன்கள் இணைகின்றன; பொசுபேற்று நீங்க, புரதம் பழைய வடிவத்துக்குத் திரும்பிப் பொற்றாசியத்தை உள்ளே விடுகிறது. டென்மார்க் விஞ்ஞானி யென்ஸ் ஸ்கோ 1957 இல் பம்பியாகத் தொழிற்படும் இந்த நொதியத்தை விவரித்தது நண்டின் கால் நரம்பிலிருந்துதான் (நண்டுக் கறிக்குப் பேர்போன நம்மூரில் இதை மறப்பது கடினம்). 1997 இல் அவருக்கு இரசாயனவியலுக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அடுத்து, சுவாசம் தடைப்பட்டால் கடத்தல் குறைகிறதா என்று பார்க்கவும். மாரி மழையில் வெங்காயத் தோட்டத்தில் வெள்ளம் தேங்கினால் வேர்களுக்கு ஒட்சிசன் போதாமல் ஏ.ரி.பி. உற்பத்தி வீழ்கிறது, மண்ணில் நைத்திரேற்று இருந்தாலும் வேர் அதை உள்ளெடுப்பது குறைகிறது.

மாணவர் அதிகம் தடுமாறுவது துணைநிலை உயிர்ப்பான கடத்தலில். சிறுகுடலின் மேலணிக் கலத்தில் குளுக்கோசைச் செறிவுக்கு எதிராக உள்ளிழுக்கும் புரதம் ஏ.ரி.பி.யை உடைப்பதில்லை, செறிவின் வழியே உள்ளே பாயும் சோடியத்தின் சக்தியைப் பயன்படுத்துகிறது. அந்தச் சோடியத்தைத் திரும்ப வெளியேற்றும் பம்பிக்கே ஏ.ரி.பி. செலவாவதால், விடையில் இரண்டு புரதங்களையும் எழுதினால்தான் விளக்கம் நிறைவுறும். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனி போன்ற கரைசல்களில் உப்பும் குளுக்கோசும் சேர்ந்திருப்பதற்கு குளுக்கோசை உள்ளிழுக்கும் அந்தப் புரதமே காரணம்: உலக சுகாதார நிறுவனத்தின் 2002 ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் லீற்றருக்குச் சோடியமும் குளுக்கோசும் தலா 75 மில்லிமூல் உள்ளன. இரண்டும் கலத்துள் செல்ல, நீர் பிரசாரணத்தால் பின்தொடர்கிறது. நீரின் அந்த அசைவை உயிர்ப்பான கடத்தல் என்று எழுதினால் புள்ளி கிடைக்காது.